கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி

டீக்கடை தனபாலுக்கு வேம்புலி தரவேண்டிய பாக்கி ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன பிறகு, கடன் சொல்லிச் சாப்பிட்ட டீயும் பன்னும். நாலு மாதமாக அந்தத் தெருவில் தலைகாட்டாமல் சுற்றியே போய்க்கொண்டிருந்தான்.

இப்போது ஓவியக் கல்லூரியில், பழைய இத்தாலியப் படத்துப் பிரபு மாதிரி அவனுக்குச் சிவப்பு வெல்வெட் போர்த்தி, கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். மாணவர்கள் பார்த்து வரைய உட்கார்ந்தால் நாளுக்கு ஐநூறு. மூன்று நாள் கூலி வேட்டி மடிப்பில் இருந்தது.

"உடம்பு சன்னலுக்கு, கண்ணு வாசலுக்கு. அசையாதீங்க," என்றார் வாத்தியார்.

அந்த வாசலில்தான் டீத் தூக்கோடு தனபால் வந்து நின்றான்.

"இன்னா வேம்புலி, ராஜா கணக்கா குந்திக்கினுகீற!"

பிள்ளைகள் சிரித்தார்கள். வேம்புலிக்குக் கண் நிறைந்தது. கை மேல் வைத்த கையை எடுத்துத் துடைக்க முடியவில்லை.

"சார், கண்ல வெளிச்சம் கூடிடுச்சு," என்றாள் வரைந்துகொண்டிருந்த பெண்.

"கூடினா கூட்டி வை."

அவள் தூரிகை முனையால் வெள்ளையைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தாள்.

தனபால் படத்துக்குக் கிட்டே போய் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சட்டைப் பை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கசக்கினான்.

"உன் கணக்கு தீந்துச்சுபா, வுடு," என்று படத்து முகத்திடம் சொன்னான்.

வேம்புலிக்குத் தலையைக் குனிய வேண்டும் போலிருந்தது. அசையத்தான் கூடாது என்றிருந்தார் வாத்தியார். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை; மடிப்பில் ஆயிரத்து ஐநூறு இருக்கிறது என்று அவனும் சொல்லவில்லை.