நடுகல்லில் பூ

அருங்காட்சியக வாசலில் அடையாள அட்டையைப் பார்த்ததுமே, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பேசும் மின்கண்ணாடியைப் பூங்கோதைக்கு மாட்டிவிட்டார்கள். அக்காவுடன் வந்திருந்த அவளுக்கு வயது நாற்பத்தொன்று. நடுகல்லின் முன் நின்றதும் கண்ணாடி கொஞ்சியது: "பாப்பா, இந்த மாமா நெஞ்சுல பூ வெச்சிருக்காரு!"

கண்ணாடி வழியே பூ தெரிந்த இடத்தைக் கல்லில் தடவிப் பார்த்தாள். விரலுக்கு அது பூவாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள். வீரனின் நெஞ்சில் அம்பு பாய்ந்திருந்தது.

"அக்கா, இவரு செத்துட்டாரு. இது பொய் சொல்லுது."

காவலர் ஓடிவந்தார். "இவங்கல்லாம் பயந்துடுவாங்கம்மா. கண்ணாடியப் போடச் சொல்லுங்க, இல்லன்னா வெளிய கூட்டிட்டுப் போங்க!"

அக்கா அவரிடம் சண்டைக்குப் போனாள். பூங்கோதை குறுக்கிட்டாள்.

"அப்பா செத்தப்ப, ஊருக்குப் போயிருக்காருன்னு நீயுந்தான சொன்ன? மூஞ்சியக்கூடக் காட்டல. இவரப் பாத்துட்டுதான் வருவேன்."