முகமூடிக்காரன் குரல்

"அக்கா, திரும்பிப் போயிடுங்க. ஐயா இன்னிக்கும் கேட்டாண்டதான் நின்னுக்கினு இருக்காரு!"

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் அந்தோணி ஓடிவந்து சொன்னதும், அன்னம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சோடாக் கடைக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஐயா என்று அவன் சொன்னது அவள் கணவர் அப்பாதுரையைத்தான். சபையின் மூப்பர் அவர்.

"நாளைக்குப் படப் பொட்டி அரக்கோணம் போவுதாமே அந்தோணி. இன்னிக்கு வுட்டா எனக்கு ஏது?"

"படம் ஆரம்பிச்சாலும் அவரு வூட்டுக்குப் போறதில்லக்கா. கீத்துத் தட்டிய தூக்கிக்கினு பூந்து வர்ற உங்க சபைப் புள்ளைங்களப் புடிக்கணும்னு கொட்டாயச் சுத்தியே வராரு. மொதலாளி என்னைத்தான் திட்றாரு."

வாசலில் அப்பாதுரையின் குரல் கேட்டது. இரண்டு இளைஞர்களை மடக்கி வைத்திருந்தார்.

"வேதபாடம் படிச்ச புள்ளைங்க நீங்க. முகமூடி போட்டுக்கினு பறக்கிறவனைப் பாக்க வந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"நம்ம ஆண்டவரு தண்ணி மேல நடந்தாரு. இவரு காத்து மேல போறாரு. அவ்ளோதான் ஐயா வித்தியாசம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாதுரை சிரிக்கவில்லை.

"ஆண்டவரு மூஞ்சிய மறைச்சிக்கினா வந்தாரு? சிலுவையிலேர்ந்து எறங்கி வந்து நாலு பேரை அடிக்க அவருக்கு முடியாமலா போச்சு? முடிஞ்சும் எறங்காம இருந்தாரே, அதுக்குப் பேருடா பலம். போங்க வூட்டுக்கு."

பையன்கள் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்கள்.

அவர் சொல்வது சரிதான் என்று அன்னம்மாளுக்கும் தெரியும். ஆனால் அவள் முகமூடிக்காரனைப் பார்க்க வரவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசி படம் பார்த்துவிட்டு வந்து காதோடு சொன்னாள். "இந்திப் படமாம், தமிழ்ல பேச வெச்சிருக்காங்க. அந்த முகமூடிக்காரன் வாயத் தொறந்தா அப்படியே உங்க சாமுவேலு பேசற மாதிரியே இருக்குதுக்கா."

சாமுவேல் ஒரே மகன். கோயிலில் அவன் வேதம் வாசித்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும். அவனை ஊழியத்துக்கு என்று நேர்ந்திருந்தார்கள். அவனோ சினிமாவுக்குக் குரல் கொடுக்க மெட்ராஸுக்குக் கிளம்பினான். "போனா இந்த வாசப்படியை மிதிக்காதே" என்றார் அப்பாதுரை. அவன் மிதிக்கவில்லை. அன்று முதல் அந்தப் பெயரும் அவர் வாயில் வரவில்லை. அவள் ஜெபத்தில் சொன்னால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்.

"ஒரே ஒரு தபா அவன் பேசறதைக் கேட்டுட்டுப் போயிடறேன்பா" என்றாள் அன்னம்மாள்.

அந்தோணி அவள் முகத்தைப் பார்த்தான். "சரி, பொம்பளைங்க பக்கமா வாங்க. நான் போய் ஐயாகிட்ட நேரம் கேக்கறேன். அவரு கடியாரத்தைப் பாக்கறப்போ உள்ள பூந்துடுங்க."

அப்படியே நடந்தது. அப்பாதுரை கடிகாரத்தைப் பார்த்து, சாவி கொடுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நேரம் சொன்னார். அதற்குள் அவள் மணலில் போய் உட்கார்ந்துவிட்டாள். தட்டியை ஒட்டிய இடம்தான் காலியாக இருந்தது.

படம் ஓடியது. சண்டையும் கூச்சலும் அவள் மனதில் ஏறவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். தீப்பிடித்த வீட்டுக்குள் ஒரு தாய் சிக்கிக்கொண்டு அலறினாள். கூரையைப் பிளந்துகொண்டு இறங்கினான் முகமூடிக்காரன்.

"அம்மா! பயப்படாதீர்கள். நான் வந்துவிட்டேன்."

உடம்பு யாருடையதோ. முகம் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் குரல் அவள் பெற்றது. சந்தேகமே இல்லை.

கொட்டகையே விசிலடித்துக் கைதட்டியது. அன்னம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனை அடக்கியும் ஒரு விம்மல் தப்பிவிட்டது.

இடைவேளை விளக்கு எரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தவள் அப்படியே உறைந்தாள்.

தட்டிக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்தில் இரண்டு கால்கள் தெரிந்தன. வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டிய செருப்பு. காலையில் அவளே கட்டிக் கொடுத்தது.

பிடிபட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் என்ன சொல்வார்? வீட்டில் என்ன சொல்வார்? 'கர்த்தாவே, அவர் கத்தாமல் இருக்கணும்' என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

தட்டிக்கு வெளியே ஒரு தொண்டைச் செருமல். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி அவர் குரல்.

"அழாத, அன்னம். அந்த 'அம்மா'ன்ற எடத்துல நம்ம சாமுவேலு தொண்ட கம்முது. தெனமும் இங்கயே நின்னு கேட்டுக்கினுதான் இருக்கேன்... மெட்ராஸுல அவனுக்கு யாரு மொளகு கஷாயம் வெச்சுக் குடுப்பாங்க?"