வந்துகொண்டிருந்த சோபா

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்தைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. காலை ஒன்பதரை மணிக்கு டிப்ஸ் சாரின் கைபேசியில் ஒரு சோபா வந்துகொண்டிருந்தது. முதலில் சாய்மானம் வந்தது. பிறகு ஒரு கை வந்தது. உட்காரும் இடம் வந்து சேர்வதற்குள் அவர் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டார்.

டிப்ஸ் சார் என்பது அலுவலகம் வைத்த பெயர். கைபேசிக்குச் செயலி எழுதுவதில் அவருக்குப் பதினைந்து வருஷ அனுபவம். கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் டிப்ஸ் கொடுப்பதில் அதைவிடக் கூடுதல் அனுபவம்.

"இது சர்வர் கோளாறு," என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொன்னார்.

சர்வரைக் கவனித்துக்கொள்ளும் அக்கா எதிர் மேஜையில்தான் இருந்தார். படங்களையும் விவரங்களையும் செயலிக்கு அனுப்பிவைப்பது அவர் பொறுப்பு.

"என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார். நீங்க எதையாவது நோண்டிட்டீங்களா?"

"நானா? நோண்டுறவங்களுக்கே டிப்ஸ் குடுக்கிறவன்மா நான்!"

மேனேஜர் குறுக்கே வந்தார். "சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. மூணு மணிக்கு ஃபர்னிச்சர் கடைக்காரம்மா அவங்க கடை ஆப்பைப் பார்க்க வராங்க. அவங்க முன்னாடியும் இது இப்படி முக்கி முனகிச்சுன்னா, தப்பு யார் மேலயோ அவங்க இந்த டீம்ல இருக்க மாட்டாங்க. சொல்லிட்டேன்."

டிப்ஸ் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஆறு வருஷமாக அவர் தலைமையில் இருக்கும் டீம் அது. அதைவிட்டு வெளியே போகிற உத்தேசம் அவருக்கு இல்லை. அக்காவை அனுப்பிவைக்கிற உத்தேசம் கொஞ்சம் இருந்தது.

முதல் டிப்ஸ்: படத்தின் எடையைக் குறை. பாதியாகக் குறைத்தார், திரை நடுவே 'பொறுங்கள்' சக்கரம் சுற்றியது. கால்வாசியாகக் குறைத்தார், சோபா ஸ்டூலாகத் தெரிந்தது. சக்கரம் மட்டும் இளைக்கவில்லை.

இரண்டாவது டிப்ஸ்: கண்ணில் படுவதை மட்டும் கேட்டு வாங்கு, மற்றதை விரல் கீழே நகரும்போது பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது டிப்ஸ் அவருக்கே மறந்துவிட்டது. நான்காவது: ஒரு முறை வந்த படத்தைக் கைபேசியிலேயே சேமித்து வை. அதற்கும் ஏற்பாடு செய்தார். ஆனால், சேமிக்க முதலில் ஏதாவது வந்து தொலைய வேண்டுமே!

பன்னிரண்டு மணிக்கு மனைவி அழைத்தார்.

"என்னங்க, ஜன்னல் திரைக்கு ரெண்டு துணி போட்டோ அனுப்பினேனே, எது பிடிச்சிருக்கு?"

"இன்னும் வரலையே."

"அனுப்பி ஒரு மணி நேரமாச்சு!"

"உன் போன் பழசாயிடுச்சு. புதுசு வாங்கிடலாம், வை."

யாரிடம் என்ன கோளாறு என்று இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடிப்பதில் அவர் கில்லாடி.

ஒரு மணிக்குச் செயலியை அடியோடு அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். ஒன்றரைக்கு, அலமாரிக் கதவு போலத் திறக்கும் பக்கங்களை எடுத்துவிட்டார். ஒரு மாதம் உட்கார்ந்து அவரே செதுக்கிய வேலை அது. இரண்டு மணிக்குப் பின்னணியில் இருந்த மர வேலைப்பாட்டை எடுத்தார். சாப்பாட்டையும் விட்டார்.

"சார், ஒரு நிமிஷம் உங்க போனைக் காட்டுங்களேன்," என்றார் அக்கா.

"உங்க சர்வரை முதல்ல எனக்குக் காட்டுங்க."

இரண்டே முக்காலுக்கு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு படங்கள் மொத்தத்தையும் தூக்கிவிட்டார். சோபா இருந்த இடத்தில் "சோபா. பழுப்பு நிறம். மூவர் அமரலாம்" என்று எழுதினார். கட்டிலுக்கு "கட்டில். நன்றாக இருக்கும்" என்று போட்டார். நிலைக்கண்ணாடிக்கு நெடுநேரம் யோசித்து, "உங்கள் முகத்தை நினைத்துக்கொள்ளவும்" என்று முடித்தார்.

தட்டினார். பக்கம் பட்டென்று வந்து நின்றது.

"வந்துடுச்சு!" என்று நாற்காலியிலிருந்து எம்பிக் குதித்தார். "சர்வர் எவ்வளவு மட்டமா இருந்தாலும் ஓட வைக்கிறது எப்படின்னு பார்த்துக்குங்க!"

மூன்று மணிக்குக் கடைக்காரம்மா வந்தார். டிப்ஸ் சார் பெருமையோடு நீட்டிய கைபேசியை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"என்ன சார் இது? வீடு மாத்தும்போது லாரிக்காரர் கையில எழுதிக் குடுக்கிற லிஸ்ட் மாதிரி இருக்கு!"

"வேகம்மா, வேகம்! அந்தப் படமெல்லாம் இருந்தா சோபா வர்றதுக்குள்ள வாங்க வந்தவங்க தரையிலேயே உட்கார்ந்து பழகிடுவாங்க."

"அப்படியா? போன வாரம் நீங்க அனுப்பினது என் போன்ல நல்லாத்தானே ஓடுது?"

தன் கைபேசியை எடுத்துத் தட்டினார். முப்பத்திரண்டு சோபாக்களும் கண் இமைக்கும் நேரத்தில், மெத்தையும் தலையணையுமாக, வரிசையில் வந்து உட்கார்ந்தன. அலமாரிக் கதவுகூட அழகாகத் திறந்து மூடியது.

மேனேஜர் டிப்ஸ் சாரைப் பார்த்தார். டிப்ஸ் சார், பழக்கதோஷத்தில், அக்காவைப் பார்த்தார்.

அக்கா எழுந்து வந்து டிப்ஸ் சாரின் கைபேசியை வாங்கினார். செட்டிங்ஸுக்குள் போய், செயலி எழுதுகிறவர்களுக்கென்றே இருக்கும் பக்கத்தைத் திறந்து, அதை மேனேஜர் பக்கம் திருப்பினார். அங்கே ஒரு ஸ்விட்ச் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"சிக்னல் மோசமா இருந்தா ஆப் எப்படி ஓடும்னு சோதிக்கப் போட்ட ஸ்விட்சை, சார் அணைக்க மறந்துட்டார்."