கூடத்தில் மாட்டிய மாதுளை

"அந்தச் சுருள் படத்தை முதல்ல இறக்கு. விருந்தாளிங்க வந்துடப் போறாங்க."

பான் தெலினின் முதுகு ஐம்பது வயதிலும் வளைந்ததில்லை. இன்று காலை இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்திருந்தது. அப்பாவின் எழுபதாம் பிறந்தநாள்; சூச்சோ நகரத்துப் பட்டு வணிகர்கள் அத்தனை பேரும் மதியம் பிறந்தநாள் நூடுல்ஸ் சாப்பிட வருகிறார்கள்.

கூடத்தின் நடுச்சுவரில் நீண்ட ஆயுளுக்கான பீச் பழ ஓவியம் தொங்க வேண்டும். அந்த இடத்தில் வாய் பிளந்து, விதைகளையெல்லாம் காட்டிக்கொண்டு ஒரு மாதுளை தொங்கியது. பிள்ளை குட்டிகளோடு வாழ வேண்டுமென்று புதுமணத் தம்பதியின் அறையில் மாட்டுகிற படம்.

"எழுபது வயசுப் பெரியவருக்கு மாதுளை. பொருத்தமாத்தான் இருக்கு. அப்படியே பக்கத்துல ஒரு தொட்டிலும் கட்டிடேன்" என்றார் தெலின்.

ஹே என்ற வேலையாள் ஏணியைத் தொடவில்லை. பெரியவரே நின்று மாட்டச் சொன்னதாக முனகினான்.

அப்படியானால் அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது. அறிகுறிகள் முன்பே தெரிந்தன. அவரைக் கவனித்துக்கொள்ள வந்த விதவை யுன்சியாங் மாடிப்படி ஏறக் கூடாதாம். தண்ணீர் வாளியை அப்பாவே தூக்கிப் போகிறார். யார் யாருக்குச் சம்பளம் கொடுப்பது என்று தெலினுக்கே குழப்பம்.

பெரியவர் புதுப் பட்டங்கியில் வந்து நின்றார். ஒரே மகன் தெலின் தன் குரலில் தேனைத் தடவிக்கொண்டார்.

"பீச் படம் எங்கப்பா?"

"பெட்டியில இருக்கு. எனக்கு ஆயுசு போதும்டா."

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல? வர்றவங்க இதைப் பாத்துட்டு என்னன்னு கேட்டா, நான் முகத்தை எங்க வெச்சுக்கறது?"

"கேக்கட்டும்னுதான் மாட்டினேன். நூறு பேருக்கும் தனித்தனியாச் சொல்ல எனக்கு மூச்சில்ல."

"என்னத்தைச் சொல்ல?"

பெரியவர் மாதுளையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"வம்சப் புத்தகத்துல உன் பேருக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் விடு. உனக்குத் தம்பி வர்றான்."