பித்தப்பைக்காக ஒரு நடை

மாதா கோயிலின் பின்புறம் திரும்பும்போது லிடியா டீச்சர் வலது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தாள். இன்றைக்கு வலி இல்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

வலி நின்றதை மட்டுமல்ல, அது ஏன் வந்தது என்பதையும். அவ்வளவு அழகான சங்கதி அது.

ஈரல் ஓயாமல் பித்தநீரைச் சுரக்கிறது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை அதை வாங்கிச் சேர்த்து வைக்கிறது. நெய்யோ வறுவலோ உள்ளே போனதும் அந்தப் பை சுருங்கி, வேண்டிய அளவு பிழிந்து கொடுக்கிறது.

பிள்ளை தங்கியதும் உடம்பு ஒரு முன்னேற்பாடு செய்கிறது. கருப்பை இறுகிப் பிள்ளையை முன்னதாகவே தள்ளிவிடக் கூடாதல்லவா? அதனால் தசைகளைத் தளர்த்தும் ஒரு சுரப்பை அனுப்பி வைக்கிறது. பாவம், அந்தச் சுரப்புக்குக் கருப்பை எது, பித்தப்பை எது என்று பார்க்கத் தெரியாது. இரண்டையும் தளர்த்திவிடுகிறது.

சோம்பிப்போன பை சரியாகப் பிழிவதில்லை. அசைக்காமல் வைத்த ரசத்தில் அடிமண்டி தங்குவதுபோலப் பித்தநீரிலும் மண்டி தங்குகிறது. விட்டால் கல்லாகிவிடும்.

ஸ்கேனில் அந்த மண்டியைக் காட்டிய டாக்டரம்மாதான் தினமும் நடக்கச் சொன்னார். நடந்தால் கல்லே வராது என்று எழுதிக் கொடுக்க முடியாது, ஆனால் உட்கார்ந்தே இருப்பதற்கு நடப்பது எவ்வளவோ மேல் என்றார்.

தெருவில் நாய்த் தொல்லை. கோயிலைச் சுற்றித் தரை சமமாக இருந்தது. எனவே இங்கே வந்தாள். வீங்கிய பாதத்தில் எந்தச் செருப்பும் ஏறாததால் வெறுங்காலோடு நடந்தாள்.

மே மாதம். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. சொன்னால் வாய் பிளந்து கேட்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இல்லை. அம்மா இருந்திருந்தால் ஏழாம் மாதமே வந்து கீரனூருக்கு அழைத்துப் போயிருப்பாள். வெள்ளிக்கிழமைகளில் பஹ்ரைனிலிருந்து கணவன் இனிகோ பேசுவான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதற்குள் போன் கார்டில் காசு தீர்ந்துவிடும். பித்தப்பைக்கு முறை வருவதே இல்லை.

மாதா சொரூபம் வைத்த கற்குகையான கெபியின் படிகளில் மாலைதோறும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தூரத்தில் வரும்போது அவர்களுடைய சிரிப்பும் சளசளப்பும் கேட்கும். அவள் நெருங்கியதும் பேச்சு அறுந்துபோகும். கால்களை மடக்கி வழி விடுவார்கள். ஒருத்தியும் முகம் பார்க்க மாட்டாள்.

முதல் வாரம் அவளே புன்னகைத்துப் பார்த்தாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெளியூர்க்காரி, புருஷன் பக்கத்தில் இல்லாதவள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவளும் குனிந்தே நடந்தாள்.

இன்று கெபியடியில் புதுமுகமாக ஒரு பெண். லிடியாவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக எழுந்தாள். மெழுகுவத்தி விற்கும் அல்போன்சா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"ஏண்டி, கூறு இருக்கா ஒனக்கு? வாயும் வயிறுமா, வெறுங்காலோட மாதாவுக்கு நேர்ச்சை நடக்குறாக டீச்சரு. இவ போயி எத்தன மாசம்னு கத கேக்கப் போறாளாம்! பேச்சுக் குடுத்தா அம்புட்டும் முறிஞ்சு போகும்."

அடக்கிய குரல்தான். ஆனாலும் லிடியாவின் காதில் விழுந்தது.

அவள் நின்றாள். இத்தனை நாளும் இதுதானா? சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. நேர்ச்சையும் இல்லை, ஒன்றும் இல்லை, பித்தப்பைதான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பிறகு அந்தப் படியில் உட்கார்ந்து, ஈரலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அல்போன்சாவை நோக்கி நடந்தாள். வாயைத் திறந்தாள்.

அல்போன்சா பதறி எழுந்து கைகூப்பினாள்.

"வேணாம் டீச்சர், வாயத் தொறந்துராதீக! எம் மக ஷைனிக்கு மூணாவதும் தங்கல. நானே கேக்கணும்னுதான் இருந்தேன், பயமா இருந்துச்சு. உங்க பின்னாடியே அவளுக்காக நானும் செத்த நேரம் நடந்துக்கிறேனே?"

லிடியா அந்த முகத்தைப் பார்த்தாள். பல நாள் தூங்காத கண்கள்.

நாக்கு நுனிவரை வந்திருந்தது பித்தப்பை.

அவள் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தாள். அல்போன்சா செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கோயிலின் பின்புறம் திரும்பும்போது நிறையக் காலடிகள் கேட்டன. லிடியா திரும்பிப் பார்த்தாள். கெபியடிப் பெண்கள் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள்.

ஒருத்தியும் பேசவில்லை.