நடுத்திரையில் ஒரு சத்தம்

"என்ன தம்பி, இன்னும் மேலயே நிக்கிறீங்க? அந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சீங்களா இல்லையா?"

கீழேயிருந்து கேட்டவர் முகமது யூசுப். சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் உள்ள அந்த விளையாட்டு மண்டபத்தின் பொறுப்பாளர். மேலே, லிஃப்ட் மேடையில் ஹெல்மெட்டும் இடுப்புப் பட்டையுமாக நின்றிருந்தவர் இருதயராஜ். மண்டபத்தை இரண்டாகப் பிரிக்கும் மோட்டார் திரைகளைச் சோதித்துப் பழுது பார்ப்பது அவர் வேலை.

"இருங்க பாய். ஒவ்வொரு உருளையா பார்க்கணும். அவசரப்பட்டா ஆகுமா?" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே எண்ணெய் குளித்திருந்த உருளைக்கே இன்னொரு சொட்டு விட்டார் இருதயராஜ்.

உருளையையா பார்த்தார் மனிதர்? அந்தத் திரையின் கீழ்ப்பாதி கெட்டித் துணி, மேல்பாதி வலை. அந்த வலை வழியாக, மண்டபத்தின் மறுபாதியில் நடந்துகொண்டிருந்த பூப்பந்து ஆட்டத்தைத்தான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிக்கொண்டிருந்தது அவருடைய ஒரே மகள் கிளாரிசா.

பெற்ற தகப்பன் கேலரியில் போய் உட்கார்ந்து பார்ப்பதற்கென்ன என்று கேட்கலாம். அதற்குத்தான் வழியில்லாமல் செய்துகொண்டாரே. தேவாலயப் பாடகர் குழுவில் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை எட்டும் தொண்டை அவருக்கு. போன ஆட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, "அடி பாப்பா, விடாத" என்று அவர் போட்ட கூச்சலில் எதிராளி பயந்தாளோ இல்லையோ, கிளாரிசா பந்தைக் கோட்டைவிட்டாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அவரை எச்சரித்தார். அவள் தோற்றுப்போனாள்.

அன்றைக்கே வீட்டில் அந்தோணியார் படத்தின் முன்னால் அப்பாவை நிறுத்தி, இனிமேல் கேலரிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாள். பாவம், அவள் கவலை அவளுக்கு. இன்றைக்கும் தோற்றால் பள்ளி அணியில் இடம் கிடையாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான், ஆட்டத்துக்கு முதல் நாள் ஜாலான் புசார் கடையிலிருந்து முதலாளி அழைத்து, சுவா சூ காங் மண்டபத்துத் திரையில் ஏதோ சத்தமாம், உங்களையேதான் அனுப்பச் சொல்கிறார்கள் என்றார். இருதயராஜுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் ஆடும் அதே மண்டபம், அதே நாள், அதே நேரம். எல்லாம் அந்தோணியார் செயல் என்று ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டுத்தான் வேனை எடுத்தார். சத்தியத்துக்கும் பங்கமில்லை. கேலரிப் பக்கம் அவர் போகவே இல்லையே.

ஆட்டம் மூன்றாவது செட்டில் இழுபறியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தொண்டை வரை வந்த சத்தத்தை விழுங்கி விழுங்கி அவருக்கு விக்கலே வந்துவிடும் போலிருந்தது. கடைசியில் கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டார். பல்வலியா என்று யூசுப் கீழேயிருந்து விசாரித்தார். அதற்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

கிளாரிசா அடித்த கடைசிப் பந்து கோட்டுக்குள் விழுந்தது. ஜெயித்துவிட்டாள். இருதயராஜ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் மேடையிலேயே இரண்டு குதி குதித்தார்.

"மேல நின்னு ஆடாதீங்க லா, விழுந்து தொலைச்சீங்கன்னா நான்தான் பதில் சொல்லணும்" என்று அதட்டினார் யூசுப்.

இறங்கி வந்தவருக்கு ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் பார்த்துவிட்டால்? அப்பாவின் சத்தியத்தை அவள் இனி எந்தக் காலத்திலும் நம்ப மாட்டாள். ஸ்பானர்களை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்கதவைப் பார்த்து நடந்தார்.

யூசுப் விடவில்லை. திரையை ஏற்றி இறக்கிக் காட்டாமல் போனால் அது என்ன சோதனை என்று வழியை மறித்தார். அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்களே என்றதற்கு, ஆட்டம்தான் முடிந்ததே, எல்லாரும் தள்ளித்தான் நிற்கிறார்கள் என்றார். திரை மோட்டாரை இயக்கும் சுவர்ச் சாவியை நீங்களே திருப்புங்கள் என்று கெஞ்சியதற்கு, எனக்கு மணிக்கட்டு வலி என்றார்.

வேறு வழியில்லை. அந்தச் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கையை எடுத்தால் திரை அப்படியே நின்றுவிடும். ஹெல்மெட்டைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தோணியாரைக் கூப்பிட்டபடி சாவியைத் திருப்பினார்.

மோட்டார் உறும, திரை மடிந்து மடிந்து மேலே ஏறியது. மறுபக்கத்தில் முதலில் ஒரு ஜோடி காலணி தெரிந்தது. அப்புறம் முழங்கால், அப்புறம் ஒரு மட்டை, கடைசியில் வியர்வை வடியும் முகம். அவருக்கு நேர் எதிரே கிளாரிசா நின்றுகொண்டிருந்தாள்.

பிடித்த சாவியை விடவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை.

"பாப்பா, சத்தியமா நான் வேலைக்குத்தான் வந்தேன். இந்தத் திரையில ஏதோ சத்தம் வருதுன்னு..."

யூசுப் மணிக்கட்டு வலியையெல்லாம் மறந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

"திரையில ஒரு சத்தமும் இல்லப்பா, யூசுப் அங்கிள்கிட்ட சொல்லி உங்களை வரவழைச்சதே நான்தான்" என்றாள் கிளாரிசா. "நீங்க கேலரில இருந்தா கத்துறீங்க. நீங்க வரவே இல்லன்னா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."