சிரித்தபோது எடுத்த அளவு

தானே தைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன் நிற்கிறாள். தையல் மெஷின்மேல் காலை வெயில். வழக்கம்போல வயிறு தானாக உள்ளே போகிறது. டேப் இடுப்பைத் தொட்டாலே மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பொய்யளவில் தைத்த இரண்டு சட்டைகள் பீரோவுக்குள் சும்மா தொங்குகின்றன, உட்கார்ந்தால் பட்டன் தெறிக்கும். இந்த முறை அளவெடுத்தது நாத்தனார். டேப்பைச் சுற்றிக்கொண்டே, "எங்கண்ணன் குறட்டை இன்னும் கூரையப் பிரிக்குதா அண்ணி?" என்று கேட்டாள், இவள் குபீரென்று சிரித்த நொடியில் எண்ணைத் துணி ஓரத்தில் குறித்துக்கொண்டாள். அந்தச் சாக்கட்டி எண் சட்டையின் உள்மடிப்பில் இன்னும் அழியவில்லை. இப்போது தரையில் உட்கார்ந்து, சட்டையின் கீழ்விளிம்பை மடித்து ஊசி குத்திக்கொண்டிருக்கும் நாத்தனார் நிமிராமலே சொல்கிறாள்: "மூச்ச விடுங்க அண்ணி." விடுகிறாள். துணி இடுப்பில் லேசாக வளைந்து, வயிற்றின்மேல் வழுக்கி இறங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறாள். பட்டன்கள் அசையவில்லை. கண்ணாடியில் இருப்பவள் அழகாகத்தான் இருக்கிறாள். "என்ன, பிடிக்குதா?" இவள் கை நாத்தனாரின் தோளைத் தேடிப்போய் அங்கேயே நிற்கிறது. "எங்கயும் பிடிக்கலடி. அதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."